விரதம் முடிந்த மறுநாள்

போன வருடம் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசை ஒன்றின் மாடிப்படி ஓரமாக நின்றுகொண்டு, ஏறுவதா திரும்பிவிடுவதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற கூட்டம். நான் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வீடு பண்டமாரானில்.

உண்மையைச் சொன்னால், குடியை விடவேண்டும் என்று நான் அங்கே போகவில்லை. மகளின் வாயை அடைக்கத்தான் போனேன்.

பேத்திக்குப் பெயர் வைத்த அன்று, பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு நன்றாக ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, மகள் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "குடிய விட்டுட்டு வாங்கப்பா. அப்புறம் தூக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! "நான் என்ன மொடாக்குடியனா? வருஷா வருஷம் விரதம் இருந்து பத்துமலைக்குக் காவடி எடுக்கறேன். ஒரு மண்டலம் முழுக்க ஒரு சொட்டுத் தொடுறேனா?" என்று கத்தினேன். "நான் தைப்பூசத்துக்கு விடுறதச் சொல்லலப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் பேத்தியைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. மனைவி மட்டும் போய் வருவாள். வீம்புக்கு நான் போகவில்லை. குடிதான் கூடியது. கடைசியில், மருமகன் தேடிப் பிடித்துக் கொடுத்த ஒரு நம்பரை மனைவி என் கையில் திணித்தாள். கூப்பிட்டேன். "எனக்கு இங்கிலீஷ் சரியா வராது" என்றேன், அதையே சாக்காக வைத்துத் தப்பிக்கலாம் என்று. "அதெல்லாம் பிரச்னை இல்ல லா பாஸ், தமிழ்லயே பேசலாம். சும்மா வந்து உக்காருங்க" என்றது ஒரு குரல். சரி, ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வந்து, 'எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்' என்று மகளிடம் சொன்னால் தீர்ந்தது. இதுதான் என் திட்டம்.

படியில் கால் வைக்கும் நேரத்தில், "அண்ணே! தீபாவளிச் சாமான் வாங்க வந்தீங்களா?" என்று பின்னால் ஒரு சத்தம். கிள்ளானில் என் காவடிக்கு உறுமி அடிக்கிறவர்! "ஆமா, வேட்டி எடுக்கலாம்னு..." என்று உளறிவிட்டு, பக்கத்துத் துணிக்கடைக்குள் புகுந்தேன். அவர் தலை மறைந்ததும் திருடன் மாதிரி மாடி ஏறினேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசையில் கோப்பியும் பிஸ்கட்டும். சீனர் இரண்டு பேர், மற்றவர்கள் நம் ஆட்கள். தலை நரைத்த ஓர் அம்மாவும் இருந்தார். எந்த எஸ்டேட், யார் மகன் என்று கேட்காத தமிழர்களை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

என் முறை வந்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் தைப்பூச விரதத்தைச் சொன்னேன். நினைத்தால் விடுகிறவன் நான் என்றேன். பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த அம்மாதான் பேசினார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. நானும் குடிச்ச காலத்துல புரட்டாசி மாசம் முழுக்கத் தொடமாட்டேன். ஆனா விரதம் முடியற அன்னைக்குக் குடிக்கறதுக்குக் கிளாஸக் கழுவி முன்னாடியே எடுத்து வெச்சிருவேன். நீங்க மறுநாள் என்ன பண்ணுவீங்க?"

வருடத்திலேயே நான் அதிகமாகக் குடிக்கும் நாள் அதுதான். முதுகில் காவடிக் கொக்கி குத்திய இடம் ஆறுவதற்குள் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள்.

பேச்சை மாற்றலாம் என்று மகளைப் பற்றி ஆரம்பித்தேன். "என் மகளுக்கும் சின்ன வயசிலேயே பக்தி ஜாஸ்தி. வருஷம் பூரா, 'அப்பா, தைப்பூசம் எப்ப வரும், தைப்பூசம் எப்ப வரும்'னு கேட்டுக்கிட்டே..."

முடிக்கவில்லை. முடிக்க முடியவில்லை. விரத நாட்களில் நான் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லித் தருவேன். அவள் அம்மாவை அடிக்கமாட்டேன். ஐயோ, பிள்ளை சாமியையா கேட்டது? அதை அவ்வளவு பேரிடம் பெருமையடித்திருக்கிறேனே! இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுது முடிக்கும்வரை அந்த அம்மா டிஷ்யூ பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை ஆனால் கொமுட்டர் ரயிலேறிப் போய்விடுகிறேன். நடுவில் ஒரு தடவை சறுக்கினேன். வெட்கத்தோடு திரும்பப் போனேன், நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இந்த வருடம், எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், மகள் பண்டமாரானுக்கு வந்து, பேத்தியை என் மடியில் வைத்தாள். அது என் மீசையைப் பிடித்து இழுத்தது. மகள் சிரித்தாள்.

பேத்தியாவது தைப்பூசத்துக்காகக் காத்திருக்காமல் வளர்வாள் என்று நினைக்கிறேன். ஆனால் காத்துக் காத்தே வளர்ந்துவிட்ட அந்தச் சின்னப் பிள்ளையை இனிமேல் எந்த மடியில் தூக்கி வைத்து நான் சமாதானம் சொல்வேன்?