பலகாரம் சுட வந்த வோட்டுகள்

ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் மண்டபம் கிடைப்பதற்குள் உயிர் போய் வந்தது. ஒருவழியாக வயதுக்கு வந்த மகளின் சாமத்திய வீட்டை ஒரு சனிக்கிழமைக்கு வைத்தோம். அதற்கு முந்திய வியாழக்கிழமைதான் இங்கிலாந்தில் மாநகரசபைத் தேர்தல். அதில் என் தங்கை நின்றாள். அங்கிருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் நான் படித்துப் படித்துச் சொன்னேன்: "வோட்டைப் போட்டிட்டு வெள்ளிக்கிழமை வாங்கோ."

புதன் பின்னேரமே வாசலில் வான் வந்து நின்றது. சின்னமாமா, மாமி, மகன், மருமகள், பின்னால் ஒன்றுவிட்ட அண்ணை குடும்பம் நாலு பேர். எல்லாரும் தங்கையின் வட்டாரத்தில் வீடும் வோட்டும் உள்ளவர்கள்.

"நாளைக்கெல்லோ வோட்டு?" என்றேன்.

"பலகாரம் சுட ஆக்கள் வேண்டாமே பிள்ளை?" என்று மாமி வந்த கையோடு அரிசியை ஊறப்போட்டார்.

பலகாரமாம்! கடையில் சொல்லி எடுக்கிறேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கடைப் பலகாரம் வைத்தால் நாலு சனம் கதைக்குமாம்.

"தபாலிலையாவது போட்டனீங்களோ?"

"அதுக்கு முன்னமே எழுதிக் குடுக்கோணுமாம். ஆருக்கு நேரம்?" என்றார் மாமா. "எங்கட நாலைஞ்சு வோட்டாலையே அவள் தோக்கப்போறாள்? அவளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை, கவலைப்படுவாள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்தவர்களைத் திரும்பிப் போங்கோ என்று சொல்லவா முடியும்? வியாழன் முழுக்க வீடு எண்ணெய்ப் புகையில் கிடந்தது.

வெள்ளி மத்தியானம் முடிவு வந்தது. தங்கை ஏழு வோட்டால் தோற்றுவிட்டாள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, மாதக்கணக்காய் வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஏழே ஏழு! என் குசினியில் அந்த நேரம் எட்டு வோட்டு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

பிறகு மாமா தொடங்கினார். "வெள்ளைக்காரன் எங்கட ஆக்களை மேல வர விடான்."

"அதில்லை மாமா, எங்கட சனத்திட்டை ஒற்றுமை இல்லை," என்றார் அண்ணை, வாயில் சிப்பிப் பலகாரத்தோடு.

தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம் போல இருந்தது. "வாயை மூடுங்கோ ரெண்டு பேரும்!" என்று கத்தினேன். பெரியவர்களைப் பார்த்து நான் அப்படிச் சொன்னதே இல்லை. சொன்னதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

அப்போதுதான் தங்கையின் அழைப்பு வந்தது. நான் எடுப்பதற்குள் மாமா போனைப் பறித்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பிடித்தார்.

"மனம் விடாதை பிள்ளை. நாங்கள் எல்லாரும் உன்ர பக்கம்தான்."

தங்கை கேட்டாள்: "அப்ப நேற்றே அங்கை வெளிக்கிட்டுப் போயிட்டியளோ மாமா? இஞ்சை நல்ல மழை. வோட்டுச்சாவடி பூட்ட முதல் காரிலை கூட்டிக்கொண்டு போவம் எண்டு உங்கட வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே நிண்டனான். ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ எண்டு பயந்துபோனன்."

மாமா போனை என்னிடம் நீட்டினார்.