முகத்தில் மஞ்சள் மட்டும்

அழகம்மாளுக்குச் சாமி பயம் கொஞ்சம் கூடுதல்தான். அதுவே வினையாகிப் போனது.

காந்தி மார்க்கெட்டில் வாழையிலை விற்றவள் அவள். ஒரே மகள் சந்திரம்மாள் பிறவியிலேயே வெள்ளைத்தோல். முடி, இமை எல்லாமே வெளுப்பு. சற்று நேரம் வெயிலில் நின்றால் போதும், தோல் சிவந்து கொப்புளம் கிளம்பிவிடும். மலைக்கோட்டைக் கடைவீதியில் வாசனையைப் பார்த்து ஸ்னோ வாங்கி வந்து பூசிவிட்டாள் அழகம்மாள். வாசம்தான் மிச்சம். கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார்.

"வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி முகம், காது, கழுத்து எல்லாம் தடவணும். வேர்த்து வழிஞ்சா மறுபடி தடவணும். குடையும் பிடிச்சுக்கணும்."

சுண்ணாம்படித்த சுவர் மாதிரிப் போகிறாள் என்று தெருவே கேலி பேசியது. சந்திரம்மாள் சட்டை செய்யவில்லை. அந்தக் கோடை முழுக்க ஒரு கொப்புளம் வரவில்லை. பெற்றவள் பூரித்துப் போனாள். ஆனால் நன்றியை யாருக்குச் சொன்னாள்? களிம்புக்கா? மகள் தோல் ஆறினால் அவளை நடத்தியே கூட்டி வருவதாகச் சமயபுரத்தாளிடம் வேண்டியிருந்தாளே, அவளுக்கு.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரைத் தேருக்கு இருவரும் மஞ்சள் சேலை கட்டிக் கிளம்பினார்கள். சந்திரம்மாள் களிம்பு டப்பாவை எடுத்தாள்.

"அத வைடி. விரதக்காரி மூஞ்சியில மஞ்சளத் தவிர வேற எதுவும் படக்கூடாது."

"வெயிலு கொளுத்துதேம்மா. காதுக்கு மட்டுமாவது தடவிக்கிறேன்."

"உன் தோல ஆத்துனதே ஆத்தாதான். ஒரு நாள் பாத்துக்க மாட்டாளா?"

குடையும் வேண்டாம் என்றுவிட்டாள், பாவி. காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது உச்சி வெயில். அந்தப் பெண் முனகக்கூட இல்லை.

சமயபுரம் போய்ச் சேர்ந்தபோது முகமும் கழுத்தும் வெந்து போயிருந்தன. மற்ற இடமெல்லாம் பிறகு ஆறிவிட்டது, இடது காது மட்டும் ஆறவில்லை. பொருக்குத் தட்டும், மறுபடி பிளந்து நீர் வடியும். அழகம்மாள் அரைத்துப் போடாத பச்சிலை இல்லை. அறுபத்திரண்டில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, புண் புற்றாகிவிட்டது, காதை எடுத்தாக வேண்டும் என்றார்.

"களிம்பு தடவாம வெயில்ல போனியா?"

நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல அழகம்மாளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. மகள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. ஒரு நாள் தடவ மறந்துட்டேன்."

படித்துப் படித்துச் சொன்னேனே, உன் உடம்பின் மேல் உனக்கே அக்கறை இல்லையா என்று டாக்டரம்மா பொரிந்து தள்ளினார். அத்தனையையும் மகள் தலைகுனிந்து வாங்கிக்கொள்ள, பெற்றவள் பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் நின்றாள்.