சாமியிடம் விட்டு வந்த கட்டை

மேட்டில் ஒரு லோரி நின்றால், அதன் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் என்னால் கடந்துபோக முடியாது. முன்பின் தெரியாத டிரைவர்களிடம் இதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ லா" என்பார்கள். போக மாட்டேன். கட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்வேன்.

நான் ஓட்டிய காலத்தில், கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் வழியில் பாதி செம்மண், பாதி சரளைக் கல். ரப்பர் ஷீட்டுகளைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு போவோம். சில நாள் பாலம் தாண்டி சிங்கப்பூர் வரைக்கும் ஓட்டம் இருக்கும். பிரேக்கை நம்பியவன் எவனும் அந்த வேலையில் நிலைக்கவில்லை. மழையில் நனைந்துவிட்டால் பிடிப்பதும் பிடிக்காததும் அதன் இஷ்டம். அதனால்தான் வண்டியில் அத்தனை தட்டுமுட்டுச் சாமான். தண்ணீர் டின், மாற்று பெட்ரோல் டின், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி, ஜாக்கி, சேற்றில் புதைந்தால் போடுவதற்குப் பலகை என்று என் வண்டி பாத்திரக்கடை மாதிரி கடகடத்துக்கொண்டுதான் போகும். இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் பொழுது வீணாகும், அவ்வளவுதான். கட்டை இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை அந்தக் கட்டை. கெட்டியான காட்டுமரத்தை ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, ஓரத்தில் இரும்புப் பட்டை அடித்து, தூக்குவதற்கு ஒரு கயிறு கோத்திருக்கும். மேடு வந்தால் கிளீனர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்படியில் நிற்க வேண்டும். இஞ்சின் நின்ற மறுகணம் குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட வேண்டும். இதில் தாமதித்தவர்களின் லோரிகள் சில, சாலையோரச் சதுப்பில் தலைகீழாய்த் துருப்பிடித்துக் கிடந்தன. எங்களுக்கு அவைதான் எச்சரிக்கைப் பலகை.

என் கிளீனர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன். என் மச்சான். நல்ல உழைப்பாளி, ஆனால் சொகுசுக்காரர். பின்படியில் வெறுமனே நிற்க அவருக்கு ஆகாது. ஷீட்டுக்கட்டு ஒன்றை இழுத்து ஓரமாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். சரக்கு அழுக்காகும் என்று நான் கத்துவேன். "ஒக்காந்தா ரப்பர் தேஞ்சா போயிடும் மாப்ள?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்த வேகத்தில் போகாது என்பதுதான் என்னிடம் உள்ள குறை.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள் சரக்கு போக வேண்டியிருந்ததால் முதல் நாளே வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். லோரி கொட்டகையை ஒட்டித்தான் எங்கள் வீடு. பூசையன்று மாலை வண்டியிலிருந்து எடுக்கக்கூடிய சாமான்களை எல்லாம் கழுவித் துடைத்து உள்ளே கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். என் மனைவிக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. குனிய முடியாமல் குனிந்து, ஜாக்கிக்கும் கைப்பிடிக்கும் கட்டைக்கும் அவளே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். கட்டைக்கு மட்டும் துலுக்கச் செவ்வந்தியில் ஒரு சரம் கூடுதலாகச் சுற்றினாள். "அண்ணனையும் உங்களையும் காப்பாத்துறது இதுதானே" என்றாள்.

பூசையில் வைத்ததை நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடாது. மறுநாள் காலையில் குளித்து, திரும்பவும் சூடம் காட்டிய பிறகுதான் ஆயுதத்தைத் தொடலாம். எங்கள் வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

மறுநாள் விடிந்ததும் அவளுக்கு வலி கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "பிள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சுக்கிட்டு என்னால ஒன்னும் செய்ய முடியாது. ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க" என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. சரக்கை இறக்க நேரமில்லை. மச்சான் பாயையும் துணிமூட்டையையும் கொண்டுவந்து முன்சீட்டில் போட்டார். நான் சாமிமுன் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, கைப்பிடியை மட்டும் எடுத்தேன். அது இல்லாமல் இஞ்சின் கிளம்பாதே. மற்றதைத் தொடக் கையும் போகவில்லை, நினைப்பும் போகவில்லை. பெட்ரோல் டின்னையும் தண்ணீர் டின்னையும் மட்டும் பூசைக்கு எடுக்காமல், முதல் நாளே நிரப்பி வண்டியில் கட்டியிருந்தோம்.

"எல்லாம் ஏத்தியாச்சா?" என்று கேட்டேன். "ஏத்தியாச்சு" என்றார் மச்சான். துணிமணியைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் பாதையைப் பார்ப்பேனா, அவளைப் பார்ப்பேனா? வழியில் ஒரு நீண்ட மேடு உண்டு. இடது பக்கம் குன்றை வெட்டிய செம்மண் சுவர், வலது பக்கம் பள்ளம், அடியில் சதுப்பு. அந்த மேட்டில் முக்கால்வாசி ஏறியதும் இஞ்சின் இருமியது. என் வண்டியின் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் குறைந்தால், மேட்டில் வண்டி நிமிரும்போது அது முன்னால் இஞ்சினுக்கு ஓடிப் போய்ச் சேராது. சாதாரண நாளில் ஏறுவதற்கு முன் நிறுத்தி ஊற்றிக்கொள்வேன். அன்று ஊற்றவில்லை. பின்னால் ஷீட்டுக்கட்டின்மேல் இருந்த மச்சானும், தங்கை நினைப்பில், மேடு வந்ததும் கட்டையைத் தேடவில்லை. இஞ்சின் இரண்டு முறை உலுக்கிவிட்டு அணைந்தது.

காலால் பிரேக்கை அழுத்தினேன், கையாலும் இழுத்தேன். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னால் நகர ஆரம்பித்தது.

"கட்டை! மச்சான், கட்டையப் போடுங்க!" என்று அலறினேன்.

பின்னால் கட்டை தொங்கும் கொக்கியை அவர் கை துழாவிய சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அலமாக்! கட்ட இல்ல மாப்ள!"

"சாமிகிட்ட இருக்கு" என்றாள் பக்கத்தில் என் மனைவி. கத்தவில்லை. உப்பு டப்பா அலமாரியில் இருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள்.

ஒன்றுதான் செய்ய முடிந்தது. பிரேக் பிடிக்காத வண்டியின் வாலைப் பள்ளத்துக்குக் காட்டாதே, குன்றுக்குக் காட்டு என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். வண்டி உடைந்தாலும் ஆள் பிழைக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்து வளைத்தேன். ஆனால் சரக்குப் பாரத்தில் வண்டி வேகமெடுத்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் சுவரில் மோதினால், வயிற்றோடு உட்கார்ந்திருப்பவளின் கதி என்ன? அவளை ஒரு கையால் சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

பின்னால் மச்சான் குதித்தார். தான் உட்கார்ந்திருந்த ஷீட்டுக்கட்டை அப்படியே இழுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். சக்கரம் அதன்மேல் ஏறியது, ரப்பர் நசுங்கி டயரைக் கவ்வியது. வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. பின்மூலை செம்மண் சுவரில் மெல்லப் போய்ச் சாய்ந்தது. கொஞ்சம் மண் சரிந்து தார்ப்பாய்மேல் விழுந்தது. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கைய எடுங்க, மூச்சு முட்டுது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இறங்கிப் பின்னால் போனேன். மச்சான் சேற்றில் உட்கார்ந்து, சக்கரத்துக்கடியில் சிக்கியிருந்த ஷீட்டுக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் அது ஓடிவிடும் என்பதைப்போல. "இனிமே சரக்கு மேல ஒக்காந்தா ஒரு வார்த்த சொல்லமாட்டேன்" என்றேன். "சொல்லுவீங்க" என்றார். பிறகு அவரும் அழுதார்.

பெட்ரோலை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினேன். மிச்ச மேட்டை மெல்ல ஏறினோம். நசுங்கிய ஷீட்டுக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மச்சான் உச்சி வரைக்கும் சக்கரத்தோடு சக்கரமாக நடந்தே வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோதுதான் சண்டை தொடங்கியது. கட்டையை எடுக்க வேண்டியது கிளீனர் என்றேன் நான். கேட்க வேண்டியது டிரைவர் என்றார் அவர். குரல் ஏறிக்கொண்டே போனது. அடுத்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கதவு திறந்து நர்ஸ் எட்டிப்பார்த்து, "யாருலா இங்க சத்தம்? பொம்பளப் பிள்ள. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். அன்று போன பாரம் இன்றுவரை என் நெஞ்சுக்குத் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு மூவரையும் நான்தான் ஓட்டிவந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவள் குழந்தையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சாமி முன்னால் சூடம் ஏற்றிக் காட்டினாள். பூச்சரம் காய்ந்து ஒட்டியிருந்த கட்டையை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இந்த வருஷத்தோட சரி. இனிமே இதுக்குப் பூச சக்கரத்துக்கிட்டயே நடக்கட்டும்" என்றாள். சாமி விஷயத்தில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காதவள் சொன்னது இது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆயுத பூசையில் ஜாக்கி உள்ளே வரும், கைப்பிடி உள்ளே வரும். கட்டைக்குச் சந்தனமும் சரமும் வெளியே வண்டிக்குப் போகும்.

பிள்ளையைக் கொண்டுவந்த அன்று லோரியைக் கொட்டகைக்குள் விட்டேன். சமதரை, சறுக்கிப்போக வழியே இல்லாத இடம். ஆனாலும் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தில் கட்டையை வைத்து, காலால் உதைத்து இறுக்கினேன். உள்ளே என் மகள் அழும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் வீட்டுக்குள் போனேன்.