வேங்கிக்கால் மனையும் ஒரு கட்டிக் கற்பூரமும்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, அறையில் ஓடிக்கொண்டிருந்த கொசுவிரட்டியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வாசனை சோப்பு, பவுடர், தலையில் பூ எதுவும் கூடாது என்று மண் பரிசோதனைப் பொறியாளர் திவ்யா முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாள். மண்ணுக்குள் தங்கியிருக்கும் ஆவியை அளக்கும் மீட்டர், நம் மேல் வீசும் வாசனையையும் சேர்த்து அளந்துவிடுமாம்.

போன வருஷம் வேங்கிக்காலில் நாங்கள் வாங்கிய மனை ஒரு காலத்தில் லாரி ஷெட். அங்கே டீசல் தொட்டி புதைத்திருந்தார்கள் என்பது பத்திரம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. பேசாமல் விற்றுவிடலாம் என்கிறார் என் கணவர்; வாங்க ஆளும் தயார். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கைமாற்ற எனக்குத்தான் மனம் வரவில்லை. மழை முடிந்து நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஜனவரியில் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம். தங்கியது ரமணாசிரமம் பகுதியில், எண்ணூறு ரூபாய் அறை. அங்கிருந்து வேங்கிக்காலுக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார். "இன்னிக்கு என்ன பௌர்ணமியா?" என்றேன். "பௌர்ணமின்னா நானூறும்மா. கம்மியாத்தான் கேக்கறேன்," என்று சிரித்தார்.

எட்டு மணிக்குத் திவ்யாவின் வேனும் பின்னாலேயே பரிசோதனை வண்டியும் வந்தன. போர் லாரியைக் கற்பனை செய்யாதீர்கள். இது டிராக்டரில் பாதிகூட இல்லை. மண்ணைக் குடையாமல், இரும்புக் குழாயைத் தட்டித் தட்டி நேராக உள்ளே இறக்குகிறது. குழாய்க்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் மண் அடுக்கு கலையாமல் மேலே வருகிறது. அதே துளை வழியாக ஆவியும் தண்ணீரும் எடுக்கலாம். பாறை தட்டினால் அதோடு சரி. இந்த ஊரில் பாறை சீக்கிரமே தட்டிவிடும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காமாட்சி வந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். என் காலி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய் நிரப்பி வந்தாள். "கேன் தண்ணிக்கெல்லாம் காசு குடுக்காதீங்கக்கா. எங்க போர் தண்ணி எளநி மாதிரி."

பிறகு துளையைப் பார்த்தாள். "பூமிக்குள்ள இரும்ப எறக்குறீங்க. ஒரு கற்பூரம் ஏத்துனா என்னவாம்?"

திவ்யா வேனுக்குள் பாட்டில்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். பூகூட வைக்காமல் வந்த நானே, காமாட்சி கொடுத்த கட்டியைத் துளையின் ஓரத்தில் வைத்துக் கொளுத்தினேன். அது வாசனைப் பொருள் என்று தோன்றவே இல்லை.

திவ்யா திரும்பி வந்து மீட்டரை வைத்ததும் எண்கள் மளமளவென்று ஏறின. அவள் காற்றை முகர்ந்தாள். "யாரு கற்பூரம் ஏத்துனது?"

வண்டி ஓட்டுபவர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாமலையாரையே மீட்டர் புடிச்சிடுச்சு!" எல்லோரும் சிரித்தோம்.

காற்றில் வாடை போகும்வரை காத்திருந்து, காமாட்சி வீட்டு மதிலை ஒட்டி இன்னொரு குழாயை இறக்கினார்கள். இந்த முறையும் மீட்டர் ஏறியது. மேலே வந்த தண்ணீரில் மினுமினுவென்று ஒரு படலம், டீசல் வாடை.

"இப்ப யாரு ஏத்துனது?" என்றாள் காமாட்சி, இன்னும் சிரிப்பு அடங்காமல். திவ்யா அந்தத் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். காமாட்சி மெல்லத் திரும்பி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் மோட்டாரைப் பார்த்தாள். "எங்க போரு?"

"அதைத் தனியா எடுத்துப் பாத்தாதான் தெரியும்மா. அதுவரைக்கும் குடிக்க, சமைக்க கேன் தண்ணி வாங்குங்க," என்ற திவ்யா என்னைப் பார்த்தாள். நான் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்வாள்.

தள்ளிப் போய்க் கணவருக்கு போன் செய்தேன். "பக்கத்து வீட்டு போரையெல்லாம் நோண்டாத. ரிப்போர்ட்ல ஏறிடுச்சுன்னா யாரு வாங்குவாங்க?" அவர் கெட்டவர் இல்லை. எங்கள் சேமிப்பு முழுக்க அந்த மண்ணில்தான் கிடக்கிறது. திவ்யாவிடம் வந்து, "அப்புறம் பாக்கலாம்," என்றேன். காமாட்சி தலையாட்டினாள். "பாத்து சொல்லுங்கக்கா."

பழைய ஷெட், பெட்ரோல் பங்க் இருந்த மனையை வாங்குபவர்களுக்கு என் யோசனை: பத்திரத்துக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பௌர்ணமியைத் தவிருங்கள், கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊருக்குள் நுழைவதே பெரும்பாடு. கற்பூரத்தை எல்லாம் முடிந்த பிறகு ஏற்றுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் செஞ்சி தாண்டியதும் தாகம் எடுத்தது. காமாட்சி நிரப்பித் தந்த பாட்டிலைத் திறந்தேன், முகர்ந்தேன், மூடிவிட்டேன். திண்டிவனத்தில் இறங்கி வேறு பாட்டில் வாங்கிக் குடித்தேன். அந்நேரம் அவள் வீட்டில் ராத்திரிக்கு உலை வைத்திருப்பாள், எந்தத் தண்ணீரிலோ.

நாளைக் காலை திவ்யாவைக் கூப்பிட்டு, காமாட்சியின் போரையும் என் செலவில் சோதித்து அதே ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். மனையைக் கேட்பவர் அதைப் படித்த பிறகு வாங்கினால் வாங்கட்டும். கணவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. என் பயணக் கட்டுரைகளை அவர் படிப்பதும் இல்லை.