வயிறே தெரியாத மாரிசெல்வி

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று வசுதா கேட்டாள்.

"வேலை நாள்லயா, லீவு நாள்லயா மேடம்?" என்றாள் மாரிசெல்வி.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் விளக்கிச் சொல்வது வசுதாவின் வேலை. வேலைக்கு வெளியே அவள் அதிகம் பேசமாட்டாள். வேலை நாளில் எவ்வளவு என்று கேட்டாள். ஷிப்டு முடிந்து பஸ் ஏறியதும் ஒரு டம்ளர் என்று பதில் வந்தது. ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டாள்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்லா" என்றாள் மாரிசெல்வி, இதுகூடத் தெரியாமல் இந்தப் பெண் எப்படிப் படித்துத் தேறினாள் என்கிற பார்வையோடு.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. சுங்குவார்சத்திரத்துக்கு வந்து ஆறு வருடமாக ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கிறாள். உற்பத்தி லைனை விட்டு வெளியே போவது லேசில்லை. கோட்டு, தொப்பி, காலுறை எல்லாம் கழற்றி, திரும்பி வந்து மாட்டுவதற்குள் பலகைகள் குவிந்து தேசத்தின் உற்பத்தியே தள்ளாடும். அதனால் விடிந்ததிலிருந்தே அவள் தண்ணீரைத் தொடுவதில்லை. இந்தத் தியாகத்தை மெச்சி நிறுவனம் சென்ற ஆண்டு பரிசும் கொடுத்தது: ஒரு லிட்டர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அதை லைனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.

கணவன் விஜய்க்கு ஒரகடத்தில் லாரித் தொழிற்சாலையில் வேலை. இருவர் ஷிப்டும் ஒத்துவரும் ஞாயிறுகளில் அவர்கள் கணவன் மனைவி. அப்படி இருந்தும் கர்ப்பம் தரித்ததைத் தனிச் சாதனையாகவே கொள்ளலாம்.

ஏழாம் மாதத்திலும் கோட்டுக்குள் வயிறு தெரியவில்லை. லைனே பெருமைப்பட்டது. சூப்பர்வைசர் மூர்த்தி எல்லோர் முன்பும் சொன்னார்: "இன்னாமா, சொன்னாக்கூட எவனும் நம்பமாட்டான். மத்ததுங்க அஞ்சாம் மாசமே டேபிளை இடிச்சிகினு நிக்குதுங்க." கூட வேலை செய்யும் பெண்கள் என்ன சாப்பிடுகிறாய் என்று ரகசியம் விசாரித்தார்கள். அவளும் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிப் பூரித்தாள்.

டாக்டர் பத்மாசினி மட்டும் வாழ்த்தவில்லை. வயிற்றை டேப்பால் அளந்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். முப்பது வாரக் கர்ப்பத்தில் குழந்தையின் எடை இருபத்தேழு வாரத்துக்கு உரியது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பத்துக்குள் இருந்தால் நிம்மதி, அவளுக்கு முப்பத்தெட்டு. உடம்பில் எங்கோ புகைகிறது என்பதைத்தான் அது சொல்லும். எங்கே என்று காட்டிக்கொடுத்தது சிறுநீர்ப் பரிசோதனை. நாள்பட்ட கிருமித்தொற்று.

குழந்தை சிறுத்ததற்கு இதுவே முழுக் காரணம் என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். மாத்திரை, வேண்டிய மட்டும் தண்ணீர், பத்து நாளுக்கொரு பரிசோதனை. வளர்ச்சி நின்றுவிட்டால் மாதம் நிறையும்முன்பே வெளியே எடுக்கவேண்டி வரலாம்.

வசுதா இதையெல்லாம் தமிழில் சொல்லி முடித்தபோது மாரிசெல்வி கோட்டு இல்லாத வயிற்றை முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். அது சின்னதாகத்தான் இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கொருமுறை அவளை வெளியே விடவேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் தயார்செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். வசுதா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, 'இவரது உடல்நலம் கருதி' என்று தொடங்குவதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

மாரிசெல்வி மேசைமேல் கை வைத்தாள்.

"மேடம், எனக்குன்னு எழுதாதீங்க. எனக்குன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவாங்க. பிள்ளைக்குன்னு எழுதுங்க."