வலிக்கவில்லை என்று சொன்ன சாட்சி

சபையாரே, இதே இடத்தில் நின்று நான் ஒரு தடவை தப்பான சாட்சி சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இன்றைக்கு எழுந்தேன்.

எனக்குக் குஷ்டம் வந்ததும், மாத்திரை சாப்பிட்டுக் குணமானதும் உங்களுக்குத் தெரியும். நோய் போனது. பாதம் மரத்தது மரத்ததுதான். போன பங்குனியில் வல்லத்தில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போனபோது கருவேல முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, "முள் ஏறியும் வலிக்காமல் ஆண்டவர் காத்தார்" என்றேன். நீங்களும் கை தட்டினீர்கள். மறுநாளே வேலைக்குப் போனேன், புத்திகெட்டவள்.

கால் உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் மருமகள் எஸ்தர் என்னைச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டில் எனக்குத் தனித் தட்டு. அவளைக் குறை சொல்லவில்லை. பயம்.

"வலிக்கவே இல்லையே" என்றேன் நர்ஸிடம்.

"அதாம்மா வம்பே. வலிச்சிருந்தா நடந்திருப்பியா?"

எலும்பு வரை போய்விட்டது என்றார் டாக்டர். தினமும் கழுவிக் கட்டவேண்டும், காலை ஊன்றக்கூடாது, இல்லாவிட்டால் எடுக்க வேண்டிவரும் என்றார். யார் கழுவுவார்? என் விரல்களோ மடங்கிப்போனவை.

வராந்தாவில் வாய்விட்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, கால் போனால் எனக்குச் சோறு ஏது? அற்புதம் கேட்கவில்லை. என்னைத் தொட ஒரு கை கொடும்." எஸ்தர் பக்கத்தில் இருந்ததையே மறந்துவிட்டேன்.

அவள் எழுந்து நர்ஸிடம் போனாள். "நான் தொட்டா எனுக்கு வந்துடுமாக்கா?"

"மாத்திர எப்பவோ முடிச்சிட்டாங்க. ஒட்டாதும்மா."

திரும்பி வந்து கீழே உட்கார்ந்தாள். "கால நீட்டு அத்த. எப்டி கட்றதுன்னு பாத்துக்கறேன்." என் பாதத்தைக் கையில் எடுத்தாள். அவள் தொட்டது என் பாதத்துக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அழுதேன்.

மூன்று மாதம் கட்டினாள். ஒரு விரல் போனது, கால் இருக்கிறது. இப்போதும் தினமும் என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். தனித் தட்டும் போனது; எல்லோருக்கும் எடுக்கிற அடுக்கிலிருந்தே எனக்கும் தட்டு எடுத்துச் சோறு போடுகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

துன்பத்தில் இருப்பவர்களே, கேளுங்கள், அவர் ஒரு கையை அனுப்புவார். என்னைப்போல் கால் மரத்தவர்களே, தினமும் பாதத்தைப் பாருங்கள்.

எனக்கு இன்னும் ஒரு ஜெபம் பாக்கி இருக்கிறது. இந்தச் சபையில் நான் உட்காரும் பாயில் இரண்டு பக்கமும் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யாராவது வந்து உட்காருங்கள்.