ஐந்து லெவல் கதைசொல்லி, மூன்று லெவல் திருடன்

உத்திராபதி கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். வாரத்தில் ஆறு நாள் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கத்திக் கத்தியே நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஏழாம் நாளான ஞாயிற்றுக்கிழமையாவது மனிதன் வீட்டில் கிடப்பானா என்றால் அதுவும் கிடையாது. குளித்து, சட்டை மாற்றி, அதே ரோட்டில் இன்னொரு பஸ்ஸில் ஏறி சிதம்பரம் போவான்.

அங்கே மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் தவ்ஹீத்தின் செல்போன் கடை. தவ்ஹீத் பரங்கிப்பேட்டைக்காரன். கல்லூரியில் படித்தபோது உத்திராபதியின் பஸ்ஸில் தினமும் வந்து போனவன். கடைக்கு மேலே ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து விளையாடுவார்கள். சீட்டு இல்லை, கேரமும் இல்லை. ஆளுக்கு ஒரு கற்பனை மனிதனை உருவாக்கிக்கொள்ள வேண்டும்: வீரன், மந்திரக்காரி, திருடன், எது வேண்டுமானாலும். தவ்ஹீத் கதையை நடத்துவான். எதிரே கோட்டை, கோட்டை வாசலில் பூதம் என்பான். தன் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடையை எவர்சில்வர் தட்டில் உருட்டிப் பார்ப்பார்கள். ஜெயிக்க ஜெயிக்க ஆளுக்கு லெவல் ஏறும்.

ஒன்பது வருடமாக உத்திராபதி வைத்திருந்தது ஒரு கோடாலிக்காரனை. ஆறு நாள் கத்துகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கவே பிடிக்காது. அவன் முறை வந்தால் "அடிக்கிறேன்" என்பான். அவ்வளவுதான். மாலை ஐந்து மணி வரை அந்த ஒரு சொல்லிலேயே ஓட்டிவிடுவான்.

அந்த மேசையில் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில் இல்லாத, இவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். மந்திரமோ பேச்சோ பாட்டோ, விளையாடுகிறவர் தன் வாயால் முழுசாகச் சொன்னால்தான் செல்லும். எழுதிக் காட்டினாலோ சைகை செய்தாலோ செல்லாது. இரண்டு வருடத்துக்கு முன் பைக் மெக்கானிக் லூர்துசாமி தொண்டை கட்டி வந்து, மந்திரத்தைப் பேப்பரில் எழுதி நீட்டினான். "செல்லாது" என்று அன்றைக்கு முதலில் சொன்னது உத்திராபதிதான். டிக்கெட் எடுக்காதவனை இறக்கிவிடுகிற அதே குரல். லூர்துசாமி ஐந்து வருடம் வளர்த்த மந்திரவாதி செத்தான். ஒரு மாதம் லூர்துசாமி யாரோடும் பேசவில்லை. பிறகு தானாக வந்து, "சட்டம்னா சட்டந்தான் மச்சான்" என்று புது ஆளைப் போட்டுக்கொண்டான்.

ஆவணி மாதம் உத்திராபதிக்குக் குரல் கரகரத்தது. சிகரெட்டை நிறுத்தியும் போகவில்லை. நிறுத்தினான் என்பதும் பாதிதான் உண்மை. பஸ் ஒரு நடை போய் வந்தால் ஒரு சிகரெட் என்பது அரை சிகரெட் ஆகியிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை தேதி கொடுத்தார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அது வழியாகப் போகும். கழுத்தில் வைத்துப் பேச ஒரு மெஷின் உண்டாம். வார்டில் அப்படிப் பேசிய இரண்டு பேரை உத்திராபதி பார்த்தான். ஒருவர் திண்டிவனம், ஒருவர் நெய்வேலி. இரண்டு பேருக்கும் ஒரே குரல். 

அடுத்த ஞாயிறு மேசையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கோடாலிக்காரனின் விவரம் எழுதிய தாளை மடித்து வைத்தான்.

"எனக்குப் புது ஆளு போடு தவ்ஹீத். கதைசொல்லி."

 மந்திரக்காரியாக விளையாடும் இலக்கியா தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர், கணக்கும் நோட்டும் அவள் பொறுப்பு. அவள் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"ஒம்போது வருசமா அடிக்கிறேன், அடிக்கிறேன்னே போயிடுச்சு. இன்னும் மூணு ஞாயித்துக்கெழம இருக்குது. பேசிடறேன்" என்றான் உத்திராபதி.

கதைசொல்லி என்பவன் கத்தி எடுக்க மாட்டான். பேச்சால் காவல்காரனை மயக்குவான், கதையால் சண்டையை நிறுத்துவான். எல்லாமே வாய். தவ்ஹீத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, முழுசா கதைசொல்லி வாணாம். நாம இப்ப எட்டாவது லெவல்ல இருக்கோம். அஞ்சு லெவல் கதைசொல்லி, மூணு லெவல் திருடன்னு கலந்து போட்டுடலாம். திருடனுக்குப் பேச்சே தேவையில்ல. பூட்டு ஒடைக்கணும், ஒளிஞ்சிக்கணும், பகடைய உருட்டணும், அவ்ளோதான். ஆப்ரேஷன் முடிஞ்சு வந்தாலும் நீங்க உக்காந்து ஆடலாம்."

நல்ல யோசனை. நல்ல யோசனை என்பதுதான் உத்திராபதிக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆள் பிறக்கும்போதே பாதிக்குச் சாவு தேதி குறித்தாயிற்று. மீதி பாதி ஊமைத் திருடனாகச் சுவரோரமாக ஊர்ந்து போக வேண்டும். சரி என்று தலையாட்டினான்.

வீட்டில் மனைவி பவானிக்குத் தெரிந்ததும் சண்டை. "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு, நீங்க போய் கத சொல்லப் போறீங்களா? இன்னாங்க இது, எங்கிட்ட பேசாத பேச்சை அங்க கொண்டு போய்க் கொட்டுவீங்களா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. பதினாறு வருடத்தில் வீட்டுக்கு வந்து அவளோடு அவன் பேசியதும் கிட்டத்தட்ட கோடாலிக்காரன் அளவுக்குத்தான். அன்றைக்கு அவன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பொய்யான ஒரு ஊரைப் பற்றிப் பேசத் தெரிந்த அளவு கூட.

இரண்டாவது ஞாயிறு அவன் பேசினான். விளையாட்டில் வந்த சுங்கச் சாவடிக் காவலனிடம் ஒரு பொய் சொன்னான் பாருங்கள், லூர்துசாமி விழுந்து விழுந்து சிரித்தான். இந்த மனுஷன் இத்தனை வருடம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தான் என்று மூன்று பேருக்கும் ஆச்சரியம். மாலை லெவல் ஏறியது. ஒன்பதாவது. அதை எந்தப் பக்கம் போடுவது என்று தவ்ஹீத் கேட்டான்.

"திருடன்ல போடுங்கண்ணா" என்றாள் இலக்கியா அவசரமாக. "நாலு லெவல் திருடன்னா அப்பறம் வசதியா இருக்கும்."

கதைசொல்லிக்கு ஆறாவது லெவலில் ஒரு வித்தை கிடைக்கும். கட்டிப்போடும் கதை. கதை முடியும் வரை கேட்கிற பகைவன் அசைய மாட்டான். முடிவு வரை சொல்லிவிட்டால் கட்டு நிலைக்கும். நடுவில் நின்றால் அவிழ்ந்துவிடும்.

"கதைசொல்லி" என்றான் உத்திராபதி. அடுத்த ஞாயிறோடு அந்த லெவலுக்கு வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தவ்ஹீத் எழுதிக்கொண்டான்.

அந்த வாரம் முழுதும் பஸ்ஸில் விசிலிலேயே வேலையை ஓட்டினான். யார் எதைக் கேட்டாலும் விரலால் காட்டினான். ஒரு வாரக் குரலைச் சேர்த்து வைத்து, மூன்றாவது ஞாயிறு கொண்டுபோனான்.

பிற்பகலில் கோட்டை வாசல் வந்தது. பூதம் ஒரு கையில் இலக்கியாவின் மந்திரக்காரியையும் மறு கையில் லூர்துசாமியின் ஆளையும் பிடித்துக்கொண்டது. கட்டிப்போடும் கதைக்கு இடம் கொடுக்கவே தவ்ஹீத் இதை வேண்டுமென்று செய்தான். உத்திராபதி தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பூதமே, கேளு. கடலூர்ல இருந்து ஒரு பஸ்சு. ஆலப்பாக்கத்துல டெய்லி ஒரு பெரியவர் ஏறுவாரு. புதுச்சத்திரத்துக்கு ஒரு டிக்கெட்டும்பாரு. புதுச்சத்திரம் வந்தா எறங்க மாட்டாரு. ஜன்னல் வழியா, நிக்கிற ஜனத்த ஒவ்வொரு மூஞ்சியா பாப்பாரு. அப்பறம் என்னைப் பாத்து, இன்னும் ஒரு ஸ்டாப்பு போலாம்ப்பான்னுவாரு. நானும் கடுப்புல இன்னொரு டிக்கெட் கிழிப்பேன். மூணு வருசம் இப்டியே ஓடுது. ஒரு நா, மழை, பஸ்ல கூட்டமே இல்ல. பக்கத்துல போய் உக்காந்தேன். இன்னா பெரியவரே, யாரத்தான் தேடுறீங்கன்னு கேட்டேன். அவரு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. புடிச்சிக்கிட்டு சொன்னாரு..."

அங்கே நின்றது. இருமல் கூட இல்லை. வாய் அசைந்தது, காற்று வந்தது, குரல் வரவில்லை. தண்ணீர் குடித்தான். மறுபடி முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைப் பார்த்து ஏதாவது புரிகிறதா என்று மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒன்றும் புரியவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டு, போயும் விட்டது.

"செல்லும்" என்றாள் இலக்கியா.

லூர்துசாமி தலை குனிந்திருந்தான். அவன் வாயிலிருந்து செல்லாது என்ற ஒரு சொல் வந்திருந்தால் போதும், பழைய கோபம் ஒரு துளி வந்திருந்தாலும் போதும், உத்திராபதி அவனைக் கட்டிக்கொண்டிருப்பான். அவனோ, "செல்லும், செல்லும். உருட்டுடா தவ்ஹீத்" என்றான்.

ஒன்பது வருடத்தில் அந்த மேசை யாருக்கும் இப்படி இறங்கிக் கொடுத்ததில்லை. டாக்டர் சொன்னபோது வராத பயம் உத்திராபதிக்கு அப்போது வந்தது. இவர்களால் இனி அவனோடு விளையாட முடியாது. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

செல்லாது என்று சொல்ல வாயைத் திறந்தான். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை எட்டின அந்தச் சொல் உதட்டைத் தாண்டவில்லை. கையை ஆட்டினான். அழுகிறான் என்று நினைத்து தவ்ஹீத் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பகடையை உருட்டினான்.

பதினேழு விழுந்தது. பூதம் கட்டுண்டு நின்றது என்று இலக்கியா நோட்டில் எழுதினாள். லூர்துசாமி டீ சொல்லக் கீழே போனான். பெரியவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.